விதை உதிரும்வரை சாலையோரப் பூக்களை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட வறட்சி ஒருவழியாக முடிந்துவிட்டது என்பதைத் தங்கள் நாளிதழ் கடந்த சில மாதங்களாகப் பல விதங்களில் எங்களுக்குச் சொல்லிவந்திருக்கிறது. நீர்த்தேக்கங்களின் மட்டம் எத்தனை அடி உயர்ந்தது, நிலத்தடி நீர் எவ்வளவு மேலேறியது, விதைப்புப் பரப்பு எவ்வளவு கூடியது என்ற கணக்குகளையெல்லாம் விடாமல் படித்துவந்தேன். ஆனால் எனக்கு வறட்சி தீர்ந்ததை உறுதிப்படுத்தியவை அந்தக் கணக்குகளைவிட, நான் நாள்தோறும் நடந்து செல்லும் சாலையின் ஓரத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், இரு கைகளை விரித்த அகலத்துக்குப் பூத்துக் கிடக்கும் செடிகள்தாம். அவற்றைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட அச்சில் வரக் காணாததால் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன். சற்று நீளமாகப் போய்விட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். சொல்ல வந்த வேண்டுகோள் சிறியதுதான் என்றாலும், அதற்கான காரணம் மண்ணுக்கு அடியில் கிடப்பதால் கொஞ்சம் தோண்ட வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகள் அந்த ஓரம் வெறும் புழுதியாகவே கிடந்தது. கடைசி ஆண்டில் புல்கூடக் கருகி, மிதித்தால் நொறுங்கும் சருகாகிவிட்டது. ஒரு வண்டி கடந்துபோனால் எழும் தூசி அடங்குவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். பிறகு மழை வந்தது. நின்று நிதானமாக, நாள்கணக்கில் பெய்தது. இரண்டொரு வாரம் கழித்து முதலில் கண்ணில் பட்டது, பாசி படர்ந்தாற்போல் மண்ணை மூடிய ஒரு மெல்லிய பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் இரண்டே இரண்டு விதையிலைகளை விரித்துக்கொண்டு நின்ற நாற்றுகள். ஒரு சாண் சதுரத்துக்குள் எத்தனை இருக்கின்றன என்று ஒருநாள் குந்தி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். எழுபதைத் தாண்டியபோது, அவ்வழியே வந்த ஒருவர் எதையேனும் தொலைத்துவிட்டீர்களா என்று அக்கறையோடு கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன், எண்ணிக்கை அத்தோடு நின்றுபோயிற்று.

இளவேனில் பிறந்ததும் அவை பூத்தன. விஷ்ணுகிரந்தியின் நீலப்பூ சுண்டுவிரல் நகத்தளவுகூட இராது; காலையில் விரிந்து, உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும். ஆகவே காலை எட்டு மணிக்கு அவ்வழியே போகிறவர் நீலம் தெளித்த தரையைப் பார்ப்பார். பிற்பகலில் திரும்புகிறவர் அதே இடத்தில் வெறும் பச்சையைத்தான் பார்ப்பார், இருவரும் பேசிக்கொண்டால் ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்றே நினைப்பார். அதனருகே மூக்குத்திப்பூ என்றும் வெட்டுக்காயப்பூண்டு என்றும் நாம் சொல்லும் செடி, ஒல்லியான நீண்ட காம்பின் உச்சியில் ஒற்றைப் பூவை ஏந்தி நிற்கிறது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் ஐந்தாறு வெளிறிய இதழ்கள், ஒவ்வோர் இதழின் நுனியிலும் மும்மூன்று பற்கள். தரையோடு தரையாகப் படர்ந்த நெருஞ்சி, மஞ்சள் முகத்தை வெயில் வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறது. நெருஞ்சியின் புதுப்பூ கண்ணுக்கு இனிமையாக இருந்து பின்னர் முள்ளைத் தருவதை நம் பழம்புலவர்கள் எந்தக் காலத்திலோ பார்த்து வைத்துவிட்டார்கள் என்பதும், அவர்களும் என்னைப் போல வழியோரத்தில் குனிந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தன. இவற்றுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், கத்தரிப்பூ நிறத்தில் கொழுஞ்சி. இத்தனைக்கும் யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, எரு இடவில்லை.

விதை எங்கே இருந்தது என்பதுதான் என்னை மிகவும் ஆட்கொண்ட கேள்வி. காற்றில் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலானவை அங்கேயேதான், நம் காலடியில், புழுதிக்குள் கிடந்திருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 1879ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். களைச்செடிகள் என்று ஒதுக்கப்படும் இருபதுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம் ஈர மணலோடு கலந்து 20 புட்டிகளில் நிரப்பி, உள்ளே நீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து மண்ணில் புதைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றாகத் தோண்டி, எவை முளைக்கின்றன என்று பார்ப்பது அவர் எண்ணம். பின்வந்தவர்கள் அந்த இடைவெளியைப் பத்து ஆண்டாகவும், பிறகு இருபது ஆண்டாகவும் நீட்டிக்கொண்டார்கள். அண்மைப் புட்டி 2021ஆம் ஆண்டில், மற்ற விதைகள்மீது ஒளி பட்டுவிடக்கூடாது என்பதற்காக இரவு இருளில் தோண்டி எடுக்கப்பட்டது. 142 ஆண்டுகளுக்குப் பிறகும் அதிலிருந்த சில விதைகள் முளைத்து மஞ்சள் பூப் பூக்கும் செடிகளாயின. கடைசிப் புட்டியின் முறை 2100ஆம் ஆண்டில் வரும். தொடங்கியவர் 1924ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். இந்தக் கணக்கின் முன்னால், என் சாலையோரத்து விதைகள் மூன்று வறண்ட ஆண்டுகளைக் கடந்தது பெரிய காரியமே இல்லை.

விதைகள் உயிரோடு இருப்பது ஒருபுறம் இருக்க, சிறு தூறலில் ஏமாந்து முளைத்துவிடாமல் இருப்பதுதான் அவற்றின் உண்மையான சாமர்த்தியம். கொழுஞ்சியைப் போன்ற அவரைக் குடும்பத்துச் செடிகளில் பலவற்றுக்கு, விதையின் மேல்தோல் நீர் புகாத அளவுக்கு இறுகியிருக்கும். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறி வாடி, மணலில் உராய்ந்து, தோலில் கீறல் விழுந்த பிறகே ஈரம் உள்ளே போகும். பாலைநிலச் செடிகள் சிலவற்றின் விதையுறையில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. நல்ல மழை பெய்து அவற்றைக் கழுவிக் கொண்டுபோனால்தான் விதை கண் திறக்கும். முதல் மழையில் எழும் மண்வாசனையிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்த மணத்துக்கு ஆங்கிலத்தில் பெட்ரிக்கோர் என்று 1964ஆம் ஆண்டில் பெயர் சூட்டிய ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர், வறண்ட காலத்தில் மண்ணிலும் பாறையிலும் படியும் அந்த எண்ணெய் விதை முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது என்றும் அடுத்த ஆண்டே எழுதினார்கள். முதல் தூறலில் நாம் மூச்சை இழுத்து மகிழும் வாசனையை, விதைகள் பொறுத்திருக்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன போலும்.

நல்ல மழை பெய்தாலும் எல்லா விதைகளும் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. எதிர்பாராமல் வறட்சி திரும்பினால் குலமே அழிந்துபோகும் என்பதால், ஒரு பகுதி முளைக்க, மறுபகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு இருப்பில் வைத்திருப்பது எந்த நிலையில் எவ்வளவு ஆதாயமானது என்பதை டான் கோஹன் என்ற ஆய்வாளர் 1966ஆம் ஆண்டில் கணித முறையில் விளக்கிக் காட்டினார். கணிதம் விளங்காதவர்கள் ஒரு நெருஞ்சி முள்ளைப் பிளந்து பார்க்கலாம். காய் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் சில விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பெரிய விதை முதலில் முளைக்கும், மற்றவை அடுத்த மழைக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோ காத்திருக்கும். வீட்டில் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் வறட்சிக்குப் பின் வரும் இளவேனில் மற்ற இளவேனில்களைவிடப் பூ மிகுந்திருப்பது வெறும் மனப்பிரமை என்று என் நண்பர் ஒருவர் வாதாடுகிறார். பஞ்சத்துக்குப் பிறகு கூழும் விருந்தாகத் தெரியும் என்பது அவர் கட்சி. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கலிபோர்னியாவின் புல்வெளிகளில், 2012 முதல் 2016 வரை நீடித்த கடும் வறட்சியின்போது மண்ணிலிருந்த விதைகளை எண்ணிய ஆய்வாளர்கள், வெளியிலிருந்து வந்து பரவிய ஒருபருவப் புற்களின் விதையிருப்பு குறைந்ததையும், அம்மண்ணுக்கே உரிய பூச்செடிகளின் விதையிருப்பு கூடியதையும் கண்டு 2018ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தப் புற்களின் விதைகளுக்கு மண்ணில் நெடுநாள் தங்கும் வலு இல்லை. எந்த ஈரத்துக்கும் முளைத்து, வறட்சியில் மாண்டு, இருப்பைக் கரைத்துவிடுகின்றன. மழை திரும்பும்போது, நெருக்கி நிழலடிக்கும் புல் இல்லாத வெற்றுநிலம் பூச்செடிகளுக்குக் கிடைக்கிறது. அதோடு, நெடுநாள் காய்ந்த மண் சட்டென்று நனையும்போது நுண்ணுயிர்கள் ஒரேயடியாகப் பெருகி, தழைச்சத்தை வெளிவிடுகின்றன. ஆகவே வறட்சி தன் முடிவில் அந்தச் செடிகளுக்கு வெளிச்சத்தையும் இடத்தையும் எருவையும் சேர்த்தே விட்டுப்போகிறது. என் நண்பரிடம் இதைச் சொன்னேன். கூழைப் பற்றிய வாதத்தை மட்டும் அவர் இன்னும் கைவிடவில்லை.

உலகின் வறண்ட பகுதிகள் சிலவற்றில் இது கண்கொள்ளாக் காட்சியாகிவிடுவதைப் படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 50 மில்லிமீட்டரளவே மழை பெறும் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், 2015 அக்டோபரில் பெய்த மழையைத் தொடர்ந்து 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாலையின் இருபுறமும் மஞ்சள் பூக்கள் மைல்கணக்கில் விரிந்தன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலும் 2015ஆம் ஆண்டில் அப்படி நடந்தது. அங்கே விதைகளோடு, ஆண்டுக்கணக்கில் மண்ணுக்கடியில் உறங்கிய கிழங்குகளும் விழித்துக்கொண்டன. அவற்றையெல்லாம் நேரில் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதற்காகப் பெரிதாக வருந்தவும் இல்லை. பயணம் போய்ப் பார்க்கும் பூவுக்கும், தினமும் கடக்கும் வழியில் இருக்கும் பூவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதைப் பூத்த நாளில் மட்டும் பார்க்கிறோம். பின்னதை அரும்பிலிருந்து காய்வரை பார்க்க முடிகிறது, அதுவும் செலவில்லாமல்.

இந்தப் பூக்கள் ஏன் வயலிலும் காட்டிலும் தெரிவதைவிடச் சாலையோரத்தில் அடர்த்தியாகத் தெரிகின்றன என்று கேட்கலாம். தார்ச்சாலை ஒரு கூரையைப் போன்றது. அதன்மேல் விழும் மழை உள்ளே இறங்காமல் இருபுறமும் வழிந்து ஓரத்து மண்ணில் சேர்கிறது. பத்தடி தள்ளியிருக்கும் நிலத்துக்குக் கிடைக்கும் மழையைவிட, ஓரத்துக்குக் கிடைக்கும் நீர் அதிகம். உழவும் அங்கே வராது. மேய்ச்சலும் பெரும்பாலும் குறைவு. வயலோரங்கள்வரை களைக்கொல்லி தெளிக்கப்படும் இக்காலத்தில், யாருக்கும் பயன்படாத அந்தக் குறுகிய நிலம் பல செடிகளுக்கு எஞ்சிய புகலிடமாகிவிட்டது. பிரிட்டனில் 1930-களிலிருந்து இன்றுவரை பூப்புல்வெளிகளில் 97 விழுக்காடு மறைந்துபோயிற்று என்றும், சாலையோரங்களில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட பூச்செடி வகைகள் வளர்கின்றன என்றும் அங்குள்ள பிளான்ட்லைஃப் என்ற தாவரப் பாதுகாப்பு அமைப்பு கூறுகிறது. நாம் ஓட்டிக்கொண்டே கடந்துபோகும் ஓரத்தின் மதிப்பு அத்தகையது.

இனி, என் வேண்டுகோளுக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வழக்கம்போல் நடந்துசென்றபோது, புல்வெட்டும் இயந்திரம் எனக்கு முன்பே வந்துபோயிருந்தது. சாலையின் இடப்பக்கம் முழுவதும், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை, நாலு விரற்கடை உயரத்துக்கு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. வலப்பக்கம் மட்டும், இயந்திரத்தின் எரிபொருள் தீர்ந்ததோ ஒப்பந்தம் அவ்வளவுதானோ, தப்பித்திருந்தது. வெட்டியவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலையைச் சொல்லப்பட்ட நாளில் செய்தார்கள், அதுவும் சுத்தமாகவே செய்தார்கள். ஆனால் வெட்டுண்டு கிடந்த கொழுஞ்சியில் ஒரு காயை எடுத்துப் பிளந்து பார்த்தேன். தட்டையான பச்சைக் காய்க்குள் ஆறு விதைகள், பால் மாறாத பயறுபோல் மெத்தென்று இருந்தன. நகத்தால் அழுத்தியதும் நசுங்கிவிட்டன. அவற்றில் ஒன்றும் இனி முளைக்கப்போவதில்லை. இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் அதே காய் பழுப்பேறி, முறுகி வெடித்து, கல்லைப் போன்ற விதைகளைத் தன் காலடியிலேயே உதிர்த்திருக்கும்.

இதில் இழப்பு எங்கே என்று தோன்றலாம். வெட்டாத பக்கம் இருக்கிறதே, அடுத்த ஆண்டும் மழை பெய்தால் பூக்காதா என்று கேட்கலாம். பூக்கும், ஆனால் குறைவாக. இவ்வாண்டு நாம் பார்த்த பூக்களெல்லாம் பழைய ஆண்டுகளில் மண்ணில் சேர்த்து வைக்கப்பட்ட இருப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தவை. மூன்று ஆண்டுகளாக அந்த இருப்பில் புதிதாக ஏதும் சேரவில்லை. எறும்பு தின்றது, பூஞ்சணம் பிடித்தது, நீரோடு அடித்துச் சென்றது என்று கழிவு மட்டும் நடந்திருக்கிறது. செலவழித்ததைத் திருப்பிக் கட்ட அந்தச் செடிகளுக்குக் கிடைத்த ஒரே தவணை இந்த இளவேனில்தான். பூவைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, காய் முற்றுவதற்குள் வெட்டிவிட்டால், அடுத்த வறட்சிக்குப் பிறகு அந்த ஓரத்தில் எதை எதிர்பார்ப்பது?

பூ முடிந்த பிறகு செடிகள் பார்க்க நன்றாக இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடிய இதழ், காய்ந்த தண்டு, பழுப்பேறிய இலை என்று ஓரம் கவனிப்பாரற்றுக் கிடப்பதுபோல் தோன்றும். அதிகாரிகளுக்குப் புகார்க் கடிதங்கள் எழுதப்படுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் என்று எண்ணுகிறேன். அந்த மூன்று நான்கு வாரங்களைப் பொறுத்துக்கொள்வது ஒன்றுதான் நான் கேட்பது.

இது நடவாத காரியமும் அன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலைத் துறை 1930-களிலேயே, இளவேனில் பூக்கள் விதை உதிர்த்து முடியும்வரை சாலையோரம் வெட்டுவதைத் தள்ளிவைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவிட்டது. இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பவுண்டு காட்டுப்பூ விதைகளைச் சாலையோரங்களில் தூவுகிறது. அங்கே பெயர்பெற்ற நீலப்பூவான புளூபானெட்டும் நம் கொழுஞ்சியைப் போல அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதைப் போலவே தடித்த தோலுள்ள விதையைக் கொண்டது. அப்பூவின் மேலிதழில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பூ முதிர்ந்து மகரந்தம் வீரியம் இழக்கும்போது அந்தப் பொட்டு ஊதாச் சிவப்பாக மாறிவிடும், தேனீக்களும் சிவந்த பூவைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வெள்ளைப் பொட்டையே தேடிப் போகும். பூவும் தேனீயும் இவ்வளவு நுட்பமாகக் குறிப்பறிந்து நடந்துகொள்ளும்போது, எப்போது வெட்டுவது என்ற குறிப்பை அறிந்துகொள்வது நமக்கு அத்தனை கடினமாக இருக்காது. 1965ஆம் ஆண்டில் அந்நாட்டில் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் நிறைவேறப் பின்னணியில் நின்றவர், டெக்சாஸில் பிறந்து வளர்ந்த, அன்றைய அதிபரின் துணைவியார் லேடி பேர்ட் ஜான்சன் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளைவுகளிலும் சந்திப்புகளிலும் எதிரே வரும் வண்டி தெரியாதபடி செடி உயர்ந்தால் வெட்டியே ஆகவேண்டும். அதில் பூவுக்காக வாதாடுவது அறிவீனம். சாலையை ஒட்டிய ஓரடி அகலத்தை வெட்டிவிட்டு, அதற்கப்பால் உள்ளதை விட்டுவைப்பது பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது. வெட்டும்போது, வெட்டிய புல்லை அங்கேயே குவித்துவிடாமல் அப்புறப்படுத்தினால் இன்னும் நல்லது. அது மக்கி எருவானால் முரட்டுப் புற்கள்தான் கொழுத்து வளரும், மெலிந்த மண்ணை விரும்பும் பூச்செடிகள் அவற்றின் நிழலில் ஒடுங்கிப்போகும்.

வெள்ளையாகப் பூப்பதெல்லாம் போற்றத்தக்கதும் அன்று. பார்த்தீனியமும் அதே மழையில்தான் முளைக்கிறது, அதே ஓரத்தில்தான் பூக்கிறது. தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அதன் மகரந்தம் மூச்சுத்திணறலைத் தரும், ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை இறைக்கும். அதை மட்டும் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும். இன்று நடப்பதோ இதற்கு நேர்மாறு: பார்த்தீனியம் விதை உதிர்த்து முடித்த பிறகும், கொழுஞ்சி விதை பிடிக்கும் முன்பும் இயந்திரம் வருகிறது. இரண்டையும் வேறுபடுத்தி அறியும் ஒருவர், வெட்டும் நாளுக்கு முன் ஒருமுறை சாலையோரம் நடந்து பார்த்தால் போதும். மூக்குத்திப்பூவும் எங்கோ வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய விருந்தாளிதான் என்பதால், தூய்மைவாதிகள் அதையும் பிடுங்கச் சொல்லக்கூடும். சிறு பட்டாம்பூச்சிகள் அதைச் சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மனம் வரவில்லை. இது அறிவியல் தீர்ப்பு அன்று, என் பலவீனம்.

பார்ப்பவர்களாகிய நாமும் ஒன்றிரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரை அடுத்த மலைச்சரிவுகள் 2019 மார்ச்சில் செம்மஞ்சள் பாப்பிப் பூக்களால் நிறைந்தபோது, பல்லாயிரம் பேர் படமெடுக்கத் திரண்டு, நெடுஞ்சாலை அடைபட்டு, கடைசியில் நகர நிர்வாகமே வழியை மூட வேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டில் மீண்டும் பூத்தபோது ஆட்கள் போகவே இயலாதபடி முன்கூட்டியே மூடிவிட்டார்கள். பூவுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளும் படத்தில், அவர் உட்கார்ந்த இடம் மட்டும் தெரிவதில்லை. அவர் எழுந்த பிறகு அங்கே ஒடிந்த தண்டுகளும் இறுகிய மண்ணும் இருக்கும். அடுத்தவர் அந்த வெறுமையைப் பாதை என்று எண்ணி அதில் நடப்பார். பாதை ஒருமுறை விழுந்துவிட்டால் அதில் மழைநீர் இறங்காது, விதை வேர்விடாது. ஓரத்தில் நின்று பார்த்தாலே கண்ணுக்குப் போதுமானது கிடைக்கிறது. விரைந்து வண்டிகள் ஓடும் சாலையில் திடீரென்று நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிறுத்துவதும், குழந்தைகளைப் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்குவதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல என்றாலும், பூவைக் கண்ட உற்சாகத்தில் மறந்துபோகக் கூடியவை.

மேலும், நிற்பதைவிட நடப்பது நல்லது. வண்டியின் வேகத்தில் நிறம் மட்டும்தான் தெரியும். நடந்தால்தான், விஷ்ணுகிரந்தி ஒன்றின் இதழுக்குள் எள்ளளவு வண்டு ஒன்று படுத்திருப்பதும், கொழுஞ்சிப் பூவின் கீழிதழைத் தேனீ தன் எடையால் அழுத்தும்போது உள்ளிருந்து மகரந்தத்தாள் எட்டிப்பார்த்து அதன் வயிற்றில் தொட்டுவிட்டு உள்ளே போவதும் தெரியும். வறட்சிக் காலத்தில் இச்சாலையில் நான் ஒரு தேனீயைக்கூடப் பார்த்த நினைவில்லை. இவை இத்தனை நாளும் எங்கே இருந்தன என்பது, விதைகள் எங்கே இருந்தன என்பதைவிடப் பெரிய கேள்வி. அதைத் தங்கள் நிருபர் எவரேனும் பூச்சியியல் அறிஞர்களிடம் கேட்டு எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாக, சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்களை நான் கேட்டுக்கொள்வது, இவ்வாண்டு இன்னும் வெட்டப்படாத ஓரங்களையாவது காய்கள் பழுத்து வெடிக்கும்வரை விட்டுவைக்க வேண்டும் என்பதும், அடுத்த ஆண்டிலிருந்து வெட்டும் நாளை நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்காமல் செடியைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதுமே. இதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. ஒருமுறை குறைவாக வெட்டுவதால் மிச்சம்கூட ஆகலாம்.

இக்கடிதத்தை எழுதும் இன்று காலைவரை வலப்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. கொழுஞ்சிக் காய்கள் பழுப்பேறத் தொடங்கிவிட்டன. நேற்று ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், உள்ளே விதைகள் கலகலத்தன. நெருஞ்சியும் தன் வாக்குத் தவறாமல் முள்ளாகிவிட்டது. செருப்பின் அடியில் ஏறிக்கொண்டு வீடுவரை வந்துவிட்ட இரண்டு முட்களைக் கத்திமுனையால் நெம்பி எடுத்து, குப்பையில் போட மனமில்லாமல் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நாளை நடக்கப் போகும்போது இடப்பக்கத்தில், வண்டிச்சக்கரம் ஏறாத இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்